முதுகுக்குப் பின்னால் ஒரு கை

"அம்மா, முன்னாடி இருக்கிற கை கடவுளுக்கு. பின்னாடி இருக்கிற கை யாருக்கு?"

தாரே இதைக் கேட்டபோது அவளுக்கு ஐந்து வயது. ஆராதனை முடிந்து சபையார் எல்லாரும் இரண்டாம் மாடி உணவறையில் நீண்ட மேசைகளில் உட்கார்ந்து முள்ளங்கி சூப்பை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். கேள்வி எல்லார் காதிலும் விழுந்தது. அம்மா இன்க்யோங்கின் முகம் சிவந்துபோயிற்று.

"அது கிச்சோல் மாமாவுக்கு" என்றாள்.

"மாமாவுக்கு எதுக்கு?"

"மாமாவுக்குத் தானா ஒண்ணும் தோணாது. அதுக்குத்தான்."

எதிரில் இருந்த கிச்சோல் கிம்ச்சியை மென்றபடியே தலையாட்டினான். "ஆமா கண்ணு. உங்க அம்மா கையைக் காட்டலைன்னா நான் திங்கக்கிழமை வரைக்கும் தட்டிக்கிட்டே இருப்பேன்."

குழந்தை பொய் சொல்லவில்லை. தென் கொரியாவின் குன்சான் துறைமுகத் தெருவில், வலையும் கயிறும் விற்கும் கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் இருந்த அந்தச் சபையில், தாக் இன்க்யோங் பாட்டு நடத்தும்போது வலது கை முதுகுக்குப் பின்னால்தான் இருக்கும். இடது கையை உயர்த்தி, கண்ணை மூடிப் பாடுவாள். சபையார் பார்ப்பது அந்தக் கையை. மேடையின் ஓரத்தில் உட்கார வைக்கப்பட்ட ஒரு குழந்தைக்குத்தான் மற்றக் கையும் தெரிந்தது.

அந்தக் கைக்கு ஒரு மொழி இருந்தது. சுட்டுவிரல் சுழன்றால் பல்லவியை மறுபடி பாட வேண்டும். உள்ளங்கை தரையைப் பார்த்தால் சத்தம் குறைய வேண்டும். ஐந்து விரலும் விரிந்தால் வாத்தியங்கள் எல்லாம் நின்று குரல்கள் மட்டும் கேட்க வேண்டும். கை மூடினால் முடிவு. மேடை சின்னது. டிரம்ஸ் அவளுக்கு நேர் பின்னால், கண்ணாடி போன்ற தடுப்புக்குள் இருந்தது. கீபோர்டு வாசிக்கும் மிரானுக்கும் கிட்டார்காரர்களுக்கும் அந்தக் கை தெரியாது. அவர்கள் கிச்சோலின் குச்சிகளைப் பார்ப்பார்கள். கிச்சோல் அந்தக் கையைப் பார்ப்பான். அந்தக் கையை வாசிக்கத் தெரிந்தவன் உலகத்திலேயே அவன் ஒருவன்தான்.

கிச்சோல் வாரம் முழுவதும் வீடு வீடாகப் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிறவன். மாடிப்படி ஏறி ஏறி முழங்கால் தேய்ந்துபோனவன். அதிகம் பேச மாட்டான். பேசினால் சிரிக்க வைப்பான்.

தாரே வளர்ந்து சியோலில் கல்லூரிக்குப் போன வருடம், ஜூன் மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அது நடந்தது.

கடைசிப் பாட்டு. பல்லவியை இரண்டு முறை பாடி முடிப்பதாக ஏற்பாடு. இரண்டாவது முறை முடியும்போது கிச்சோல் பார்த்தான். விரல் சுழன்றது. சரி என்று மறுபடி எடுத்தான். அது முடியும்போதும் விரல் சுழன்றது. மறுபடி. சபையார் எழுந்து நின்றார்கள். முன்வரிசைப் பாட்டிமார் கைகளை உயர்த்தினார்கள். இன்க்யோங்கின் குரல் எங்கோ உடைந்தது. அதைக் கேட்டு இன்னும் சிலர் அழுதார்கள். விரல் சுழன்றுகொண்டே இருந்தது. கடைசியில் கை மூடியபோது கிச்சோலின் சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது.

மூப்பர் பியோன் மேடைக்கு அருகிலேயே வந்துவிட்டார். எதற்கும் லேசில் கலங்காத மனிதர், அரிசி ஆலை நடத்தியவர். அவருடைய கண் ஈரமாக இருந்தது.

"இன்க்யோங், இன்னைக்கு ஆவியானவர் இறங்கி வந்தார்மா. பல வருஷமாச்சு நான் இப்படி ஆராதிச்சு. இனிமே எல்லா வாரமும் இப்படியே பாடணும்."

அவள் குனிந்து நன்றி சொன்னாள். பிறகு மாடிப்படியின் திருப்பத்தில், பொட்டலக் காபியைக் காகிதக் கோப்பையில் கலக்கிக்கொண்டிருந்த கிச்சோலிடம் வந்து நின்றாள்.

"நான் சுத்தலை" என்றாள்.

"எதை?"

"விரலை. ரெண்டு தடவையோட முடிக்கச் சொல்லிக் கையை மூடத்தான் பார்த்தேன்."

"சுத்துச்சே அக்கா. நான் என் கண்ணால பார்த்தேன்."

அவள் வலது கையை நீட்டிக் காட்டினாள். சும்மா நீட்டிய கை. சுட்டுவிரலும் கட்டைவிரலும் ஒன்றோடொன்று உரசி, கண்ணுக்குத் தெரியாத மாத்திரையை உருட்டுவது போல மெல்லச் சுழன்றுகொண்டிருந்தன.

கிச்சோல் காபியைக் குடிக்க மறந்து நின்றான். கீழே உணவறையில் மூப்பர், அன்றைய கிருபையைப் பற்றி யாருக்கோ சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"எத்தனை நாளா?"

"குளிர்காலத்துல இருந்து. விரைச்சுப்போச்சுன்னு நினைச்சேன்."

பக்கத்து ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் அதற்கு நடுக்குவாதம் என்று பெயர் சொன்னார்கள். மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை வேலை செய்யும் நேரம் கை அடங்கியிருக்கும், பிறகு திரும்பிவிடும், வருடங்கள் போகப் போக அந்த நேரம் சுருங்கும் என்றார்கள். டாக்டர் இளம்பெண். எழுதிக் காட்டச் சொன்னாள். இன்க்யோங் தன் பெயரை எழுதினாள். எழுத்துகள் போகப் போகச் சிறுத்து எறும்பு மாதிரி ஆயின.

"சின்னதா எழுதியிருக்கீங்க, தெரியுதா?"

"இல்லையே. எப்பவும் எழுதற மாதிரிதானே எழுதினேன்."

"அதான் இந்த நோய். நீங்க முழுசாச் செஞ்சதாத்தான் உங்களுக்குத் தோணும். கை பாதிதான் செஞ்சிருக்கும்."

இதை அவள் கிச்சோலிடம் அப்படியே சொன்னாள். அடுத்த ஞாயிறிலிருந்து அவனுக்குப் பாட்டு பாட்டாக இல்லை. அந்தக் கையை முறைத்துப் பார்ப்பதே வேலையாயிற்று. சுழல்கிறதா, நடுங்குகிறதா? தரையைப் பார்க்கிறதா, தொங்குகிறதா? சில வாரம் சரியாக ஊகித்தான். சில வாரம் தப்பினான். தப்பிய வாரங்களில் பாட்டு நீண்டது. நீண்ட வாரங்களில் சபை அழுதது. சபை அழ அழ மூப்பர் மகிழ்ந்தார். "சத்தியமா சொல்றேன், நம்ம சபைக்கு எழுப்புதல் வந்திருக்கு" என்று போதகர் கூக்கிடம் சொன்னார். போதகருக்கு உண்மை தெரியும். இன்க்யோங் அவரிடம் சொல்லியிருந்தாள். அவர் மூப்பரின் மகிழ்ச்சியைப் பார்த்துச் சுவரில் இருந்த நாட்காட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவளுக்காக அவர் ஜெபித்தார். தன் சின்ன அறையில், அவளுடைய வலது கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டு நெடுநேரம் ஜெபித்தார். ஆமென் சொல்லிக் கைகளை விலக்கியபோது உள்ளே இருந்த கை, பொத்தி வைத்த குருவி மாதிரி துடித்துக்கொண்டிருந்தது. இருவரும் அதையே பார்த்தார்கள்.

"எனக்கு வேற ஒண்ணும் தெரியலைம்மா" என்றார் போதகர்.

"தெரிஞ்சதைச் செஞ்சீங்களே ஐயா" என்றாள் அவள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஜெபம் கேட்கப்படவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். நாம் கேட்கிற இடத்தில் பதில் வருவதில்லை, அவ்வளவுதான்.

மிரானும் ஒரு வழி கொண்டுவந்தாள். மருந்துக்கடையில் வேலை செய்யும் கலகலப்பான பெண். அவளுடைய அண்ணன் போகிற பெரிய சபையில் பழைய கருவி ஒன்றைத் தள்ளிவிட இருந்தார்கள். வாத்தியக்காரர்கள் எல்லாரும் காதில் சின்ன இயர்ஃபோன் செருகிக்கொள்ள வேண்டும். பாட்டு நடத்துகிறவரின் காலடியில் ஒரு மிதி இருக்கும். மிதித்தால் அவர் பேசுவது வாத்தியக்காரர் காதுக்கு மட்டும் போகும். விட்டால் அரங்கம் முழுவதும் கேட்கும்.

"கையே வேண்டாம் அக்கா. 'முடி'ன்னு வாயால சொல்லிடு. இதைக்கூடக் கேட்டு வாசிக்கத் தெரியலைன்னா கிச்சோல் அண்ணனைப் பார்சலாக் கட்டித் திருப்பி அனுப்பிடலாம்."

"அனுப்பறவங்க பேரைச் சரியா எழுதும்மா. போன தடவை வாசல்லயே போட்டுட்டுப் போயிட்டாங்க" என்றான் கிச்சோல்.

முதல் ஞாயிறே அது தீர்ந்தது. மூப்பர் பியோனின் ஜெபம். நாட்டுக்காக, வட கொரியாவுக்காக, மீனவருக்காக, பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்காக என்று நீண்டுகொண்டே போனது. இன்க்யோங் காலை மிதியில் வைத்து, அழுத்திவிட்டதாக நம்பி, மெல்லிய குரலில் பேசினாள். கால் பாதிதான் அழுத்தியிருந்தது.

"மூப்பர் ஐயா முடிக்கிற மாதிரி தெரியலை. மிரான், நீ மெதுவா வாசிக்க ஆரம்பி. அப்பவாவது அவருக்குப் புரியுதான்னு பார்ப்போம்."

மூன்றாம் மாடி முழுவதும், மாடிப்படி ஒலிபெருக்கியிலும், அது கேட்டது. மூப்பர் சொல்லிக்கொண்டிருந்த வாக்கியத்தை நடுவிலேயே விட்டு "ஆமென்" என்றார். சபை சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் குலுங்கியது. மதியம் மூப்பரே சூப் தட்டோடு அவளிடம் வந்தார்.

"நேராச் சொல்லியிருக்கலாமேம்மா. நாற்பது வருஷமா என் வீட்டுக்காரி அதைத்தான் சொல்றா."

அவளும் சிரித்தாள். ஆனால் மேசைக்கு அடியில் தன் கால் எங்கே இருக்கிறது என்று அவள் குனிந்து பார்த்ததைக் கிச்சோல் கண்டான். மிதி மறுவாரமே அட்டைப்பெட்டிக்குள் போயிற்று.

செப்டம்பரில் அவள் முடிவெடுத்தாள். நவம்பரில் வரும் அறுவடை நன்றி ஞாயிறு வரைக்கும் நடத்துவாள். அன்றைக்கு தாரே சியோலிலிருந்து வருவாள். அதன்பின் மிரான் நடத்தட்டும். போதகர் ஒப்புக்கொண்டார். ஓய்வுக்காக என்று மட்டும் சபையில் அறிவித்தார்.

சனிக்கிழமை ஒத்திகை முடிந்து எல்லாரும் இறங்கிப் போன பின் அவள் கிச்சோலிடம் சொன்னாள்: "ஒண்ணே ஒண்ணு தம்பி. அன்னைக்குக் கடைசிப் பாட்டை என் கையால முடிச்சிட்டு இறங்கணும். பாதியில நின்னு, மிரான் வந்து காப்பாத்தி, எல்லாரும் பாவப்பட்டு, அப்படி வேண்டாம். நீயாவும் முடிச்சிடாதே. கை மூடினாத்தான் முடிக்கணும்."

"மூடலைன்னா?"

"மூடும். மாத்திரைக்கு ஒரு நேரம் இருக்கு. நான் பார்த்துக்கறேன்." பிறகு சொன்னாள்: "மூடலைன்னா திங்கக்கிழமை வரைக்கும் தட்டு."

அவன் சிரித்தான். வீட்டுக்குப் போகும் வழியில் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தான்.

அவன் நினைத்துக்கொண்டது வேறொரு ஞாயிறை. நான்கு வருடத்துக்கு முன் அவன் மனைவி சொன்-ஹ்வா இறந்தபின், அவன் முதல்முறை திரும்பி வந்து டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்த நாள். அடக்கத்தின்போது பாடிய பாட்டே அன்று வரிசையில் இருந்தது, யாரும் கவனிக்கவில்லை. இரண்டாம் சரணத்தில் அவன் குச்சிகள் நின்றன. அவன் நிறுத்தவில்லை, கை அதுவாக நின்றது. தாளம் அறுந்து அரங்கில் ஒரு பள்ளம் விழுந்த அந்த நொடியில், முன்னால் நின்றவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவளுடைய பின்கை ஐந்து விரலும் விரிந்து நின்றது. குரல்கள் மட்டும். கூடவே அவளுடைய குரல் ஓங்கி, சபையை இழுத்துக்கொண்டு போனது. மிரானும் மற்றவர்களும் கையை எடுத்துக்கொண்டார்கள். அது திட்டமிட்ட இடம் என்றே எல்லாரும் நினைத்தார்கள். பாட்டு முடியும்வரை அந்தக் கை விரிந்தே இருந்தது. தடுப்புக்குள் அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு இருந்தான். பிறகு ஒருவர், "வெறும் குரல்ல பாடினது உருக்கமா இருந்துச்சு" என்றபோது, "அப்படிச் செஞ்சு பார்க்கலாம்னு தோணுச்சு" என்று அவள் சொன்னது அவன் காதில் விழுந்தது. அதைப் பற்றி அவனும் பேசியதில்லை, அவளும் பேசியதில்லை.

நன்றி ஞாயிறு வந்தது. மேடைக்கு முன்னால் பூசணியும் ஆப்பிளும் புது அரிசி மூட்டைகளும் குவிந்திருந்தன. தாரே மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். இன்க்யோங் வீட்டிலேயே கணக்குப் பார்த்து மாத்திரையை விழுங்கியிருந்தாள். முதல் பாட்டுகளில் கை தெளிவாகப் பேசியது. பல மாதங்களுக்குப் பிறகு கிச்சோல் நிம்மதியாக வாசித்தான். மூப்பர் பியோனின் ஜெபம் வழக்கத்தில் பாதிகூட இல்லை. உட்காரும்போது மேடையைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார், 'கவனித்தாயா' என்பது போல.

ஆனால் சிறுவர் காணிக்கை இருந்தது. பிள்ளைகள் பழக்கூடைகளைத் தூக்கி வர வேண்டும். ஒரு சின்னப் பெண் தன் பூசணியைக் கீழே வைக்க மாட்டேன் என்று கட்டிப்பிடித்துக்கொண்டாள். வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டுமாம். அவளைச் சமாதானப்படுத்தும்போது பின்னால் வந்தவன் இடித்து, கூடையிலிருந்த சீமைப் பனிச்சைப் பழங்கள் நடைபாதை முழுவதும் உருண்டன. பெரியவர்கள் குனிந்து பொறுக்கினார்கள். எல்லாரும் சிரித்தார்கள். போதகர் நேரத்தை மறந்து பிள்ளைகளை ஒவ்வொருவராக ஆசீர்வதித்தார். அதில் யார் மேலும் குற்றமில்லை. நல்ல ஞாயிறு அது. மேடையில் நின்ற ஒருத்திக்கு மட்டும் நேரம் மணலாக ஒழுகிக்கொண்டிருந்தது. கிச்சோல் தடுப்புக்குள்ளிருந்து பார்த்தான். அவள் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கடைசிப் பாட்டு தொடங்கும்போது கை நடுங்க ஆரம்பித்திருந்தது.

முதல் பல்லவி போயிற்று. இரண்டாம் சரணம் போயிற்று. பல்லவி மறுபடி வந்தது. முடிய வேண்டிய இடம் நெருங்கியபோது கை முதுகுக்குப் பின்னால் உயர்ந்தது. விரல்கள் உள்ளே வளைந்தன. பாதி வளைந்து, எதையோ ஏந்துகிற கிண்ணம் போல நின்றுவிட்டன. அது எந்தச் சைகையும் இல்லை.

கை மூடினால்தான் முடிக்கணும். அவன் முடிக்கவில்லை. பல்லவியை மறுபடி எடுத்தான்.

அவளுடைய முதுகு சொன்னது, அவளுக்குத் தெரியும் என்று. தோள் இறுகியது. சபை எழுந்து நின்றது. முன்வரிசையில் கைகள் உயர்ந்தன. கிருபை மறுபடி இறங்குவதாக அவர்கள் நினைத்தார்கள். இடது கையை உயர்த்தி அவள் பாடிக்கொண்டிருந்தாள். வலது கை பின்னால் தனியாகப் போராடிக்கொண்டிருந்தது. கிச்சோல் தன் வாழ்க்கையில் எதையும் அவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை. தன் கையைக் கழற்றிக் கொடுக்க முடிந்தால் கொடுத்திருப்பான். கொடுக்க முடியாது. மூன்று அடி தூரம்தான். தட்டிக்கொண்டே இருக்க வேண்டும், வேறு வழியில்லை.

இன்னொரு பல்லவியும் கடைசி வரிக்கு வந்தது. முந்திக்கொண்டு முடித்தால் அவளுக்குத் தெரிந்துவிடும். விட்டால் அடுத்த சுற்று. அதில் அவள் குரலும் உடையும். அவன் கையைப் பார்ப்பதை விட்டான். தோளைப் பார்த்தான். கடைசிச் சொல்லில் அவள் மூச்சை உள்ளே இழுத்தாள். தோளிலிருந்து முழங்கை வரை மொத்தமாக ஒரு இழுப்பு இழுத்தது. முழு பலத்தோடு ஒரு கையை மூடுகிற இழுப்பு. விரல்கள் இருந்த இடத்திலேயே இருந்தன.

அந்த இழுப்பின் மேலேயே அவன் குச்சிகளை உருட்டி, டிரம்ஸின் வெண்கலத் தட்டை ஓங்கி அடித்து, கையால் பிடித்து நிறுத்தினான். மிரானின் கீபோர்டு அதோடு நின்றது. கிட்டார்கள் நின்றன. ஒரு நூல் கூடப் பிசிறவில்லை. அந்த அமைதிக்குள் இன்க்யோங் "ஆமென்" என்றாள். சபை அவளுக்குப் பின்னால் சொன்னது.

ஆராதனை முடிந்து எல்லாரும் பழமும் சூப்பும் தேடி இறங்கிப் போனார்கள். தாரே வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். மூப்பர் வந்து, "இப்படி முடிச்சதுக்கு இன்னொரு வருஷம் நடத்தலாம்" என்றார். எல்லாரும் போனபின் இன்க்யோங் தடுப்பின் கதவருகே வந்தாள். வலது கையை மேலங்கிப் பைக்குள் வைத்திருந்தாள்.

"முதல் தடவை சரியா வரலை. இல்லையா?"

"வரலை அக்கா."

"ரெண்டாவது?" அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். "மூடுச்சுன்னுதான் எனக்குத் தோணுது. ஆனா எனக்குத் தோணறதை நம்பக் கூடாதுன்னு அந்த டாக்டர் பொண்ணு சொல்லிட்டா. நீ பார்த்தியா?"

கிச்சோல் குச்சிகளைப் பைக்குள் செருகிக்கொண்டிருந்தான்.

"பார்த்தேன் அக்கா" என்றான். "அதைப் பார்த்துத்தானே நிறுத்தினேன்."

அவளுடைய தோள்கள் தளர்ந்தன.

"சரி. சீக்கிரம் வா. உனக்கு முள்ளங்கி இல்லாம வெறும் தண்ணிதான் மிஞ்சும்."

"எனக்கு எப்பவும் அதுதானே மிஞ்சுது."

அவள் இறங்கிப் போனாள். திருப்பத்தில் அவள் மகளிடம் பேசுவது கேட்டது: "பார்த்தியா, நானேதான் முடிச்சேன்." தாரே ஏதோ பதில் சொல்லிச் சிரித்தாள். கிச்சோல் தட்டுகளைக் கழற்றித் துணியால் மூடி, மேடை விளக்கை அணைத்தான். பிறகு வெற்று அரங்கைப் பார்த்துக் குனிந்து வணங்கிவிட்டு, சூப் ஆறுவதற்குள் போய்ச்சேர மாடிப்படி இறங்கினான்.